ஒரு லைட்டு, இரண்டு அடுப்பு

அக்கா,

இன்று காலை எலெக்ட்ரீஷியன் பாய் ஏணி போட்டு ஏறி, நம் சமையலறையின் கிழக்குச் சுவரில் லைட்டு மாட்டியிருந்த பழைய மரக்கட்டையைக் கழற்றினார். கட்டை கையோடு வந்ததும் அதன் பின்னாலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. பல வருஷத்து எண்ணெய்ப் புகை, செத்த ஈசல், சூடேறிச் சூடேறி ஆறிய ஒயர், இவற்றுக்கெல்லாம் மேலே நீ வெள்ளிக்கிழமைதோறும் பல்பைத் துடைத்த விபூதி. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா ஆன்ட்டி, ஷாக் அடிச்சிதா?" என்று பாய் மேலேயிருந்து பதறினார்.

"இல்ல பாய், எங்க அக்கா ஞாபகம்" என்றேன். அவருக்கு உன்னை நன்றாகத் தெரியும். ஒருமுறை பகலில் டெஸ்ட் செய்வதற்காக அவர் போட்ட லைட்டை, அவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் திரும்பத் திரும்ப அணைத்துக்கொண்டே இருந்தவள் நீ. "அவங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏணியில் இன்னும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார்.

என் மகன் சமையலறையைப் புதுசாக்குகிறான் அக்கா. நான் பெற்றேன், நீ கெடுத்தாய் என்று எல்லாரும் சொல்வார்களே, அதே பிள்ளைதான். கூரையில் குட்டிக் குட்டியாய் வட்ட விளக்குகள் வரப்போகின்றன. அலமாரிக்கு அடியில் நாடா மாதிரி ஒன்று ஓடுமாம். கரண்டி வைக்கிற இழுப்பறையைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு லைட்டு தானாக எரியுமாம். கரண்டிக்கு எதுக்குடா லைட்டு என்று கேட்டேன். "எல்லாம் எல்.ஈ.டி.ம்மா. கம்மியாத்தான் இழுக்கும்" என்றான். நீ இருந்திருந்தால், கம்மியா இழுக்கறத இத்தினி மாட்டினா ஜாஸ்திதானேடா என்று ஒரே வாக்கியத்தில் அவன் படிப்பை மடித்து பீரோவில் வைத்திருப்பாய். எனக்கு அந்த வாய் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது என்னை முதலில் பயமுறுத்தியது மாமியார் இல்லை, அவர் முன்பே போய்விட்டிருந்தார். நீதான். அண்ணனைக் கட்டியவள் நீ, தம்பியைக் கட்டியவள் நான். சமையலறை ஒன்று, அடுப்பு இரண்டு. நீளமான ஒரே கடப்பைக்கல் மேடையில் கதவுப் பக்கம் உன் அடுப்பு, கிழக்குச் சுவர்ப் பக்கம் என் அடுப்பு. அவரவர் சமையல் அவரவருக்கு. விருந்தாளி வந்தாலும் பண்டிகை வந்தாலும் மட்டும் ஒரே பாத்திரம், ஒரே குழம்பு. இந்த ஏற்பாடெல்லாம் நம் மாமியார் செய்து வைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அம்மாள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. லைட்டு என் தலைக்கு மேலே கிழக்குச் சுவரில் இருந்தது, சுவிட்ச் உன் தோளுக்குப் பக்கத்தில் கதவருகே இருந்தது.

நான் குடியாத்தத்தில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். நூல் அறுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகப் பட்டப்பகலிலும் எங்கள் வீட்டில் டியூப் லைட்டு எரியும். நீயோ ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையில் உட்காருகிறவள். கண் கூசுகிற வெளிச்சத்தில் நாள் முழுக்க, தோலில் ஒரு கீறல், ஒரு தையல் விலகல் இருக்கிறதா என்று தேடுகிற வேலை. அவ்வளவு வெளிச்சத்துக்குப் பழகியவள் வீட்டிலும் தாராளமாக இருப்பாள் என்று நான் நினைத்தது தப்புக் கணக்கு. முதல் வாரமே அதை ஒரு கேள்வியாகவே கேட்டும் விட்டேன். "அது கம்பெனி கரண்ட்டு. இது நம்ம கரண்ட்டு" என்றாய். இதற்கு மேல் விளக்கம் தேவையா என்பது போல ஒரு பார்வை வேறு.

அப்போது நம் வீட்டில் இருந்தது அறுபது வாட்டு குண்டு பல்பு. அதை நீ நடத்திய விதம் இருக்கிறதே! வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கும் வரிசையில் கடைசிப் படம் அதுதான். ஸ்டூல் போட்டு ஏறி, விபூதி தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுப்பாய். "அழுக்குப் பல்பு, எரியற வெளிச்சத்துல பாதிய அதுவே தின்னுடும்" என்பாய். அது உண்மைதான், துடைத்த அன்றைக்கு அடுப்படி பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒரு ஆயுத பூஜைக்கு ஆசை மிகுந்து பல்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாய். அந்தக் குங்குமம் சூட்டில் கருகி, வீடு முழுக்கத் தீய்ந்த நெடி அடித்து, என் அடுப்பில்தான் ஏதோ பிடித்துவிட்டது என்று உன் வீட்டுக்காரர் என்னை ஒரு மணி நேரம் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலில் லைட்டுப் போடுவது பெரிய குற்றம். தெற்கு ஜன்னல் வழியாக விழுகிற வெயில் சதுரத்தில் அரிவாள்மனையைப் போட்டு உட்காருவாய். வெயில் நகர நகர நீயும் நகருவாய். முருங்கைக்காயை மேடையடியில் ஆரம்பித்து, கத்திரிக்காயை நடுவில் அரிந்து, கீரை ஆயும்போது வாசல் நடைக்கே வந்துவிட்டிருப்பாய். அந்த வழியாகப் போகிறவர்கள், என்ன, ஓரகத்திக்குள் சண்டையா, வெளியே உட்கார வைத்துவிட்டாளா என்று என்னைத்தான் கேட்பார்கள்.

மீட்டரையும் நீ விடவில்லை. வராந்தாவில் இருந்த அந்தப் பழைய மீட்டருக்குள் ஒரு சக்கரம் சுற்றுமே, கம்பெனி பஸ் வருவதற்குள் அதன் முன் நின்று ஒரு பார்வை பார்ப்பாய். "சக்கரம் ஓடுது! யாரு இன்னா போட்டுவெச்சிக்கினு இருக்கீங்க?" என்று அங்கிருந்தே குரல் வரும். நான் பதறி மிக்ஸியை நிறுத்திவிடுவேன். சட்னியில் பாதித் தேங்காய் அப்படியே நிற்கும்.

இருட்டில் எனக்குச் சமைக்க வராது. விடிவதற்கு முன் காபி போட வேண்டியிருந்தால், உனக்குத் தெரியாமல் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் வேலை பார்ப்பேன். ஒருநாள் பிடித்துவிட்டாய். "ஏண்டி, ஃப்ரிட்ஜத் தொறந்து வெச்சிக்கினு வெங்காயம் அரியறியே, அது எந்தக் கரண்ட்டுல ஓடுது, உங்க குடியாத்தம் கரண்ட்டுலயா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்போது அழுகைதான் ஜெயித்தது.

எல்லாவற்றையும்விட பேஜார் உன் தோள். இரண்டு கையிலும் தட்டு இருந்தாலும் கதவைத் தாண்டும்போது உன் தோள் தானாக உயர்ந்து சுவிட்சை ஒரு இடி இடிக்கும். நீ போய்விடுவாய். உள்ளே நான் கரண்டியோடு கும்மிருட்டில் நிற்பேன்.

"அக்கா! உள்ள ஆளு இருக்கேன்!"

"இருக்கேன்னு ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"கடுகு தாளிக்கறேனே, அது சத்தம் இல்லயா?"

அதிலிருந்து நான் சமையலறையில் இருக்கும்போதெல்லாம் இருமிக்கொண்டே இருக்கப் பழகினேன். பக்கத்து வீட்டு அம்மா, நல்ல மனசுக்காரி, என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, பொண்ணுக்கு நெஞ்சுச் சளி பார்க்கக்கூடாதா என்று கேட்டார்களாம்.

இதெல்லாம் இப்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன். அன்றைக்கு இது சிரிப்பில்லை அக்கா. ஒரு சாயங்காலம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கொதிக்கிற கஞ்சி தட்டுக்கும் பானைக்கும் நடுவில் இருந்த நேரம் உன் தோள் இடித்தது. இருட்டில் கை தடுமாறி, கஞ்சி என் பாதத்தில் கொட்டியது. நீ ஓடி வந்தாய், தண்ணீர் ஊற்றினாய், மாவைக் கரைத்துத் தடவினாய், எல்லாம் செய்தாய். "தெரியலடி" என்று ஒரு வார்த்தையும் சொன்னாய். ஆனால் என் வாய் அதற்குள் திறந்துவிட்டது. "எனக்குன்னு ஒரு சுவிட்ச் வேணும்" என்று கத்தினேன். வீட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும்.

அதோடு நம் பேச்சு நின்றது. ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று சமைக்கிறோம், ஒரு வார்த்தை கிடையாது. எனக்குச் சொல்ல வேண்டியதை நீ பூனையிடம் சொல்வாய். உனக்குச் சொல்ல வேண்டியதை நான் பால் பாத்திரத்திடம் சொல்வேன். நம் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் இது பொறுக்கவில்லை. அண்ணனும் தம்பியும் தலையைத் தலையைச் சேர்த்துவைத்துப் பேசி, சமையலறைக்கு நடுவில் ஒரு சுவர் வைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். சுவர் என்றால் வெறும் சுவரா? அடுப்படி பிரிந்தால் அடுத்து கூடம் பிரியும், அப்புறம் வாசல், அப்புறம் மீட்டர் இரண்டாகும், நல்லது கெட்டதுக்குக்கூட ஒரு குழம்பு இருக்காது. நம் தெருவில் அப்படிப் பிரிந்த வீடுகள் எத்தனை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை.

சுவர் வைக்கச் சம்மதம் சொல்லி முறைப்படி நின்று பார்க்க, ஒடுகத்தூரிலிருந்து நம் வீட்டுக்காரர்களின் தாய்மாமன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் நீ கம்பெனியிலிருந்து ஒரு டியூப் லைட்டோடு வந்து இறங்கினாய்.

அந்த டியூப் பஸ்ஸில் வந்த கதையை உன் கூட வேலை செய்கிற பெண்கள் அப்புறம் சொன்னார்கள். துப்பட்டாவில் சுற்றி, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் கிடத்தி, ஆம்பூர் வரும் வரை யாரையும் தும்மக்கூட விடவில்லையாம் நீ. கம்பெனியில் தோலின் நிறம் பார்ப்பதற்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருக்குமாம். அதற்குள் விதவிதமான லைட்டு. வெயிலில் இந்தத் தோல் எப்படித் தெரியும், வெளிநாட்டுக் கடையில் வைத்தால் எப்படித் தெரியும் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு டியூப்பும் இவ்வளவு மணி நேரம் எரிந்தால் போதும் என்று ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் நன்றாக எரிகிறதையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். எரிகிற லைட்டைக் குப்பையில் போடுவதை உன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஸ்டோர்க்காரரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டாய். அது வெளிநாட்டுக் கடை லைட்டு. குட்டை டியூப், பதினெட்டு வாட்டு.

பல்பைக் கழற்றிவிட்டு, டியூப்புக்கு ஒரு பழைய பட்டியும் தேடி எடுத்து, உன் வீட்டுக்காரரை விட்டு அதை மாட்ட வைத்தாய். மாட்டி முடித்ததும் பூனையைப் பார்த்து, "அறுவதுக்குப் பதினெட்டு. இனிமே இது பாட்டுக்கு எரியட்டும். யாரும் அணைக்கத் தேவல" என்றாய். பூனை புரிந்துகொண்டிருக்கும். எனக்குத்தான் புரியவில்லை. சுவர் வருகிற நேரத்தில் இவள் எதற்கு லைட்டு மாற்றுகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஒடுகத்தூர் மாமா ஒரு பை வேர்க்கடலையோடு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மேஸ்திரி நூலும் நீலப்பொடியும் எடுத்துக்கொண்டு வந்தார். விருந்தாளி வந்தால் ஒரே பாத்திரம் என்பது சட்டம். கறிக்குழம்பு. பேச்சு இல்லாமல் ஒரு குழம்பை இரண்டு பேர் வைக்கிறோம்.

நீ கூட்டி வைத்தாய். சுவருக்கு இறக்கின செங்கல் ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்ததால் அடுப்படிக்கு வெளிச்சம் என்றால் அந்த டியூப் ஒன்றுதான். அந்த வெளிநாட்டு வெளிச்சத்தில் குழம்பு வெளுத்துப்போய், காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம் மாதிரி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாய். நான் வந்து மூடியைத் திறந்தேன். வெளுத்துக் கிடந்தது. அக்காவுக்கு மனசு சரியில்லை, தூள் போட மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் ஒரு கை போட்டேன். கேட்டிருக்கலாம். பேசினால்தானே கேட்பது. நான் இலை கழுவப் போனதும் நீ வந்து பார்த்து, இவள் கோபத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டாள் போல என்று இன்னொரு கை போட்டாய். கடைசியாக இறக்குவதற்கு முன் நான் சும்மா இல்லாமல் கொஞ்சம். எத்தனை போட்டாலும் அந்த லைட்டுக்கு அது சிவக்கவில்லை. கம்பெனியில் பத்து வருஷம் நிறம் பார்த்த கண் உன்னுடையது, நூலின் சாயம் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. இரண்டும் சேர்ந்து கண்ணை மட்டுமே நம்பின. ஒருத்தியும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கவில்லை.

பாத்திரத்தைக் கூடத்துக்குத் தூக்கி வந்து பகல் வெளிச்சத்தில் வைத்தபோதுதான் பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருந்தது. அதற்குள் மாமா இலையில் குழி செய்து காத்துக்கொண்டிருந்தார். ஊற்றியாகிவிட்டது.

மாமா கடலைக்காட்டுக்காரர், காரத்துக்கு அஞ்சினேன் என்று சொல்கிற ஆள் இல்லை. முதல் உருண்டை போட்டார். இரண்டாவது போட்டார். அப்புறம் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது. தலையைக் குனிந்துகொண்டு விடாமல் சாப்பிட்டார். இன்னும் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டார்.

"மாமா... நீ அழுவாத மாமா. எங்களுக்கு மட்டும் சந்தோஷமா இது?" என்று அவர் குரல் உடைந்து போய், நிஜமாகவே விக்கி விக்கி அழ ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டிருந்தார், அவரும் அழுதார். அண்ணன் அழுகிறதைப் பார்த்து அழுதாரா, குழம்பால் அழுதாரா என்று கடைசி வரை அவருக்கே தெரியவில்லை. மாமா எதுவோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அது துக்கம் தொண்டையை அடைப்பதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கூடமே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஓரத்து இலையில் மேஸ்திரியும் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்தது. "யோவ் மேஸ்திரி, எங்க குடும்பம் பிரியுது, நாங்க அழுவறோம். நீ எதுக்கய்யா அழுவறே?"

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "தண்ணி... தண்ணி குடுங்கம்மா மொதல்ல. காரம்மா இது!"

நான் சொம்பை எடுக்க உள்ளே ஓடினேன். நீ ஏற்கெனவே மோர்ப் பானையோடு நின்றிருந்தாய். ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீ போட்டியா?" என்றாய்.

"போட்டேன். நீ?"

"ரெண்டு தரம்."

"நானும்."

நீ வாயில் முந்தானையை வைத்து அழுத்தினாய். பிரயோஜனம் இல்லை. எனக்கும் வந்துவிட்டது. மோர் தளும்பத் தளும்ப, அந்தக் கிழக்குச் சுவரில் சாய்ந்து நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் வயிற்றில் வலிக்கிறது. வெளியே இருந்தவர்கள் நாமும் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் மாமா சாமானியமா? மோர் குடித்து, வெல்லம் தின்று, முகம் கழுவி வந்ததும், "சரி, வந்த வேலைய முடிச்சிட்டுத்தான் போவேன். நூலப் புடி மேஸ்திரி" என்றுவிட்டார். மேஸ்திரி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நூலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். தரையில் நீலமாய் ஒரு கோடு விழுந்தது. உன் அடுப்பு அந்தப் பக்கம், என் அடுப்பு இந்தப் பக்கம்.

மேஸ்திரிதான் முதலில் நிமிர்ந்து பார்த்தவர். "லைட்டு இந்தம்மா பக்கம் போவுது. சுவிட்சு அந்தம்மா பக்கம் நிக்குதே!"

எல்லாரும் லைட்டையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்குச் சுவிட்ச் இல்லாத லைட்டு. உனக்கு லைட்டு இல்லாத சுவிட்ச். "அதுக்கின்னா, ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கறது" என்றார் மாமா.

நீ கரண்டியோடு கோட்டின் மேலேயே வந்து நின்றாய்.

"இன்னா மாமா சொல்றே? இப்ப ஒரு லைட்டுல ரெண்டு பேரு ஆக்கறோம். சுவரு வெச்சா ரெண்டு லைட்டு எரியும். அதே சோறு, அதே ஆளுங்க, லைட்டு மட்டும் ரெண்டா? கரண்ட்டு இன்னா பாலாத்துலயா ஓடுது?"

"ஏம்மா, லைட்டுக்காவா சுவரு வேணாங்கறே?"

"லைட்டுக்காவத்தான்." அப்புறம் என் பக்கம் திரும்பினாய். "இன்னாடி, மரமாட்டம் நிக்கற? சொல்லேன்."

எனக்கென்று ஒரு சுவிட்ச் வேண்டும் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினவள் நான். என் பாதத்தில் தோல் இன்னும் சரியாக மூடவில்லை. "ஆமா மாமா. ரெண்டு லைட்டு தண்டம்" என்றேன்.

மேஸ்திரி நூலைச் சுற்றிக்கொண்டார். மாமா பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொத்துக்காக ஒண்ணா இருக்கறவங்களப் பாத்திருக்கேன். பதினெட்டு வாட்டுக்காக ஒண்ணா இருக்கற குடும்பத்த இங்கதான் பாக்கறேன்" என்று முணுமுணுத்தபடியே பஸ் ஏறினார். அந்த நீலக் கோட்டை நீதான் சாணித்துணி போட்டுத் துடைத்தாய்.

அதற்கப்புறம் நீ ஒருநாளும் சும்மா அணைக்கவில்லை. வாசலில் நின்று "யாரு உள்ள?" என்று கேட்பாய். பதில் வந்தால் விட்டுவிடுவாய். நான் இருமுவதை நிறுத்தினேன், பக்கத்து வீட்டு அம்மா சாமிக்கு நன்றி சொன்னார்கள். கடை லைட்டுக்குப் பிறகு முறுக்குப் பல்பு வந்தது, அப்புறம் எல்.ஈ.டி. ஒன்பது வாட்டு என்று அட்டையில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு, பிறந்த பேரப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். என் மகன் காலேஜில் படிக்கும்போது, ஆள் அசைந்தால் எரிந்து அசையாவிட்டால் அணைகிற பல்பு ஒன்றை வாங்கி வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் அதை அப்படிக் கொண்டாடினாய். பாயசம் கிளறும்போது அது அணைந்து அணைந்து போக, நாம் இரண்டு பேரும் சாமி வந்தவர்கள் மாதிரி கையை ஆட்டிக்கொண்டே சமைத்தோம். மறுநாள் பூனை தயிர்ப் பானைக்குள் தலையை விட்டிருக்க, அதற்கு மேலே லைட்டு ஜெகஜ்ஜோதியாய் எரிந்துகொண்டிருந்தது. "நமக்கு ஆட்டம், பூனைக்கு லைட்டா? கழட்டுடா அத" என்றாய்.

ஒருமுறை, நமக்கு முடி நரைத்த பிறகு, கேட்டேன். "அன்னிக்கு மாமாகிட்ட நெஜமாவே லைட்டுக்காவா சொன்னே?"

"பின்ன? உன் மூஞ்சிக்காவா?" என்றாய். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பல்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாய்.

போன வருஷம் வேலூர் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கியபடியே நர்ஸைப் பார்த்து, "இத்தினி எதுக்கும்மா பகல்ல?" என்றாய். "அது எங்க கையில இல்லம்மா" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். என் கையைப் பிடித்து இழுத்து, "சுவிட்ச் எங்க இருக்குன்னு பாத்துக்கினு வாடி" என்றாய். நான் போனேன் அக்கா. அந்த நீளமான நடையில் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்துக்கொண்டு போனேன். காவலுக்கு நின்ற ஆள், இன்னாம்மா தேடறே என்று கேட்டார். சுவிட்ச் என்றேன். அவர் என்னை மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். நான் உன் கண் மேல் என் உள்ளங்கையைக் குடையாய் வைத்து, "அணைச்சிட்டேன்க்கா" என்றேன். "ஆங்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அந்தப் பொய்யை நீ நம்பியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இதை எழுத ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நடுவில் வேலையாட்கள், தூசி, சாமான் ஏறக்கட்டுவது என்று பேனாவைத் தொட முடியவில்லை. லைட்டெல்லாம் மாட்டிவிட்டார்கள். எனக்கென்று ஒரு பலகை நிறைய சுவிட்ச் இருக்கிறது, எது எதற்கு என்று இன்னும் பழகவில்லை. நாலா பக்கமிருந்தும் வெளிச்சம். மேடையில் உன் அடுப்பு இருந்த இடத்தில் இப்போது வெறும் கல், பளபளவென்று.

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மருமகள் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, இடுப்பு வலிக்குதா? தைலம் தேச்சு உடட்டுமா?"

"இல்லியே. ஏன்?"

"அப்புறம் ஏன் இப்படி ஒருக்களிச்சி, கோணலா நிக்கறீங்க? நான் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், அடுப்புல இப்படித்தான் நிக்கறீங்க. நேரா நின்னா சொகமா இருக்குமில்ல?"

நான் குனிந்து என்னைப் பார்த்தேன். இடது கால் பின்னால், உடம்பு பக்கவாட்டில், சுவரோடு ஒட்டி. இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியவில்லை. லைட்டு எனக்கு ஒரு பக்கம் கிழக்குச் சுவரில் இருந்தது, நீ எனக்கு மறுபக்கம். நான் நேராக நின்றால் என் நிழல் முழுக்க உன் அடுப்பில் விழும். நீ ஒருநாளும் தள்ளி நில் என்று சொன்னதில்லை. நானும் யோசித்துச் செய்யவில்லை. எப்போதோ உடம்பு அதுவாக ஒதுங்கிக்கொண்டிருக்கிறது.

"பழக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் போன பிறகு நேராக நின்று ஒரு தோசை ஊற்றிப் பார்த்தேன். இந்தப் புது வெளிச்சத்தில் நிழலே விழவில்லை, யாருக்கும் எதற்கும் ஒதுங்கத் தேவையில்லை. ஆனாலும் என்னால் முடியவில்லை அக்கா. அடுத்த தோசைக்குப் பழையபடி சுவரோடு ஒட்டித்தான் நின்றேன்.